ஆஸ்துமா இல்லாத ஊர்

கொன்றைப்புதூரில் ஒரு குழந்தைக்குக்கூட ஆஸ்துமா கிடையாது. இதை ஊர்க்காரர்கள் சொல்லவில்லை, செவி என்ற கருவி சொன்னது. மாநிலத்தில் உள்ள குழந்தைகளின் நெஞ்சையெல்லாம் கேட்டுக் கேட்டு சுகாதாரத் துறை ஒரு வரைபடம் போட்டிருந்தது. ஆஸ்துமா உள்ள இடத்தில் சிவப்புப் புள்ளி. பெரிய நகரங்கள் எல்லாம் அம்மை வார்த்த மாதிரி சிவந்து கிடந்தன. சின்ன ஊர்கள் பல வெளிறிப்போய் இருந்தன. அவற்றிலும் கொன்றைப்புதூர் மட்டும் ஒரு பொட்டுக் கறைகூட இல்லாமல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு டாக்டர் அமிர்தவல்லிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சுற்றிலும் பனியன் கம்பெனிகள், தலைக்கு மேலே பஞ்சுத் தூசி. அவருடைய கிளினிக் வராந்தாவில் அப்போது வரிசையாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு என்ன நோய் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்ததைச் சொல்வதில்தான் சிக்கல். படித்து முடித்து வந்த புதிதில் அமிர்தவல்லி புத்தகத்தில் இருந்தபடியே, உங்கள் பையனுக்கு ஆஸ்துமா என்று சொல்லிப் பார்த்தார். அம்மாக்காரி பையனை இடுப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த தெரு டாக்டர் சிரித்த முகத்தோடு, வெறும் சளிதான் என்றார். அதன்பிறகு அவரிடமே காட்ட ஆரம்பித்துவிட்டாள். இப்படி நாலைந்து பேர் எழுந்து போன பிறகு அமிர்தவல்லிக்குப் புத்தி வந்தது. கொன்றைப்புதூரில் அந்த வார்த்தையைச் சொன்னால் பையன் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று அர்த்தம். பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம், பத்து வயதிலேயே அவள் கல்யாணம் நின்றுபோன மாதிரி வீட்டில் அழுவார்கள்.

ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேரைத் தப்பாகச் சொல்லி மருந்தைச் சரியாகக் கொடுப்பது. மூச்சு இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு, நெஞ்சுச் சளி கட்டியிருக்கிறது என்பார். தினமும் உறிஞ்ச வேண்டிய இன்ஹேலரைக் கையில் கொடுத்து, இது சளி பம்ப் என்பார். பம்ப் பழக்கமாகிவிடுமே என்று பயப்படும் தாய்மார்கள்கூட, சளி பம்ப் என்றதும் சமாதானமாகி வாங்கிப் போனார்கள். பிள்ளைகள் ஓடினார்கள், ஆடினார்கள், பரீட்சையில் தோற்றார்கள், மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். ஊரில் இருந்த மற்ற டாக்டர்களும் ஆளுக்கு ஆள் இதையேதான் செய்தார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. கிளினிக் நடத்துகிற எவருக்கும் தானாகவே வந்து சேர்ந்துவிடும் சாமர்த்தியம் அது.

அப்புறம் செவி வந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு வட்டு. குழந்தையின் முதுகில் வைத்தால் மூச்சைக் கேட்டு, இன்ன நோய், இன்ன மருந்து என்று செந்தமிழில் சொல்லும். அது வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தும்மினால் ஆன்டிபயாடிக், இருமினால் இரண்டு ஆன்டிபயாடிக் என்று டாக்டர்கள் வாரி இறைத்ததில் கிருமிகளுக்கு மருந்தே சலித்துப்போய், உண்மையான நிமோனியா வந்தபோது எந்த மருந்துக்கும் கேட்காமல் போயிற்று. உடனே சட்டம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் சளி, இருமல், மூச்சுத் தொல்லை எதுவானாலும், கிளினிக்கானாலும் மருந்துக் கடையானாலும், செவி சொன்னால்தான் மருந்துப் பெட்டியின் பூட்டு திறக்கும்.

முதல் சில வாரம் அமிர்தவல்லி செவியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். ஏனுங்க டாக்டரம்மா, ஒரு ஊசி போட்டு உட்டீங்கன்னா செரியாப் போயிருமுங்க என்று கெஞ்சும் தாய்மாரிடம் மல்லுக்கட்டும் வேலை போயிற்று. இது வைரஸ் சளி, ஊசி தேவையில்லை, வெந்நீரும் ஓய்வும் போதும் என்று செவியே கறாராகச் சொல்லிவிடும். இயந்திரத்தோடு யார் சண்டை போட முடியும்? அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய், மூன்றாம் நாள் தானாகச் சரியாகிவிட்ட பிள்ளையோடு கடைவீதியில் தென்படுவார்கள்.

ஆடி மாதம் சளி பம்ப் வாங்க வந்த முதல் பிள்ளைக்குப் பெட்டி திறக்கவில்லை. சளிக்கு பம்ப் தேவையில்லை என்றது செவி. அமிர்தவல்லி அதைத் தட்டிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், முதுகில் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். அது சொன்னதையே சொன்னது. டாக்டர் விரும்பினால் மறுத்து வேறு நோய் எழுதலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் எழுதும் பெயரைப் பெற்றோர் தங்கள் வாயாலேயே செவியிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். சும்மா நோய் எழுதி மருந்து விற்ற சில பேருக்காகப் போட்ட விதி. கொன்றைப்புதூரில் எந்தத் தாய் அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லுவாள்? வீட்டில் மிச்சமிருந்த பம்ப்புகளை வைத்து ஊர் ஐப்பசி வரைக்கும் சமாளித்தது. பிறகு அதுவும் தீர்ந்தது.

மார்கழியில் ஒரு நாள் முற்பகல், வசுமதி தன் மகள் இதழினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வசுமதி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைப்பவள், சிறு வயதிலிருந்து இதே கிளினிக்குக்கு வருகிறவள். இதழினிக்கு ஏழு வயது, வாய் ஓயாமல் பேசும் பிள்ளை. அன்றைக்கு அவளால் ஒரு வார்த்தைக்கு மேல் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது. அமிர்தவல்லி வராந்தாவில் இருந்தவர்களை விலக்கிவிட்டு நெபுலைசர் வைத்தார். அவசரத்துக்குப் புகை வைக்க மட்டும் செவியின் அனுமதி தேவையில்லை. ஒரு தடவை வைத்தும் அடங்காமல் மறுபடியும் வைக்க வேண்டியிருந்தது. நல்ல வேளையாக அதற்குள் மூச்சு இளகி, பிள்ளை முகமூடிக்குள்ளிருந்தே, பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு முட்டை போடுகிற நாள் என்று வருத்தப்பட ஆரம்பித்தாள். அமிர்தவல்லி அவளுடைய பழைய சீட்டுகளைப் புரட்டினார். இந்தக் குளிரில் இவளுக்கு இது மூன்றாவது முறை, ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட மோசம். தினமும் பம்ப் உறிஞ்சினால் இது வராது. அடுத்த முறை நெபுலைசருக்குத் தூரமாக எங்காவது வைத்து வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

செவியை முதுகில் வைத்தார். அது அமைதியாக, “சளி. ஓய்வும் வெந்நீரும் போதும்,” என்றது.

இதையெல்லாம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் ரெக்ஸலின். செவிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குழுவைச் சேர்ந்தவள், நாகர்கோவில்காரி, சென்னையில் வேலை. ஒரு ஊர் மட்டும் இவ்வளவு வெள்ளையாக இருப்பது எப்படி என்று பார்த்து வர அவளை அனுப்பியிருந்தார்கள். குழந்தை நெபுலைசரில் இருந்த நேரம் முழுக்க அவள் தன் துப்பட்டா நுனியைப் பிசைந்துகொண்டிருந்தாள். தாயும் மகளும் வராந்தாவுக்குப் போனதும் அமிர்தவல்லி அவள் பக்கம் திரும்பி, இது சளியா என்று கேட்டார்.

ரெக்ஸலின் மென்று விழுங்கினாள். கடந்த பத்து வருடமாக டாக்டர்களின் ஸ்டெதஸ்கோப்புகளே மூச்சொலியைப் பதிவு செய்து வந்திருக்கின்றன. ஒவ்வோர் ஊர்ப் பிள்ளைகளின் மூச்சும் ஒவ்வொரு மாதிரி, ஆகவே அந்தந்த ஊர் மூச்சை அந்தந்த ஊர் டாக்டர்கள் எழுதியதை வைத்தே செவிக்குக் கற்றுக்கொடுத்தோம் என்று அவள் விளக்கினாள். அதில் அவர்களுக்கு ரொம்பப் பெருமையாம்.

“நீங்க எந்த மூச்சுக்கு என்ன பேர் எழுதினீங்களோ அதுதான் மேடம் அதுக்குப் பாடம். இந்த ஊர்ல ஒரு டாக்டர்கூட ஆஸ்துமான்னு எழுதவே இல்ல. அதனால அப்படி ஒரு மூச்சு இந்த ஊர்ல இருக்குன்னே அதுக்குத் தெரியாது.”

“பேரை உடும்மா. மருந்தைப் பாக்கலியா நீங்க? எந்த ஊர்லயாச்சும் சளிக்கு மாசக்கணக்கா பம்ப் எழுதுவாங்களா?”

“பார்த்தோம் மேடம்.” ரெக்ஸலின் குரல் இறங்கியது. “சளிக்கு பம்ப் எழுதினது டாக்டருங்க தப்புன்னு நெனச்சோம். பிழைன்னு குறிச்சு அதையெல்லாம் நீக்கிட்டோம்.”

அமிர்தவல்லி கையிலிருந்த செவியை மேசையில் வைத்தார்.

“ஆக நாங்க சொன்ன பொய்யை மட்டும் பத்திரமா வெச்சுக்கிட்டு, செஞ்ச நெசத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டீங்க.”

கோபப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் கோபம் யார் மேல் என்பது அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெண் பாவம், எழுதியிருந்ததை நம்பினாள். எழுதியதை நம்பாதே என்று இவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

இதைத் திருத்த என்ன வழி என்று கேட்டார். சென்னைக்குப் போய்ச் சொன்னால் ஆகும், ஆனால் மறுபடி எல்லாவற்றையும் பிரித்துக் கற்றுக்கொடுக்க ஒரு வருடமாவது பிடிக்கும் என்றாள் ரெக்ஸலின். பிறகு தயங்கி, இன்னொரு வழியும் இருக்கிறது என்றாள். ஒரே ஒரு குழந்தை போதும். இந்த மூச்சுக்குப் பெயர் ஆஸ்துமா என்று ஒரு டாக்டர் எழுதி ஒரு தாய் ஒப்புக்கொண்டால், அப்படி ஒன்று இந்த ஊரில் உண்டு என்பது செவிக்குத் தெரிந்துவிடும். அதுபோன்ற மற்ற மூச்சுகளைத் தானாகவே தேட ஆரம்பித்துவிடும்.

அமிர்தவல்லி வசுமதியைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார். இதழினி மேசை மேல் தொண்டை பார்க்க வைத்திருந்த நாக்குக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்ல வாயெடுத்தார். முப்பது வருடம் பழகாத வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம், குளிர், கம்பெனித் தூசி என்று ஊர் சுற்றிவிட்டு, கடைசியில் இது சளி இல்லை கண்ணு என்று ஆரம்பித்தார். பின்னே நிமோனியாவா என்று வசுமதி கேட்டாள். ஆள் அசரவில்லை. நிமோனியா வரும், போகும், அதைப் பற்றிப் பெண் பார்க்க வருகிறவர்கள் யாரும் கேட்கப் போவதில்லை. அமிர்தவல்லி கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

வசுமதி எழுந்து, மகளின் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பைபாஸ் ரோட்டு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வந்துவிடுகிறோம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

“அங்கயும் இதே செவிதான் கண்ணு. அதுவும் சளின்னுதான் சொல்லும். அங்கயும் பம்ப் வராது. அடுத்த தடவை இவளுக்கு இழுக்கறப்ப அங்கயும் என்ன பண்றதுன்னு தெரியாம நிப்பாங்க.”

வசுமதி நின்றாள். மகளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். பொட்டைப்பிள்ளை, நாளைக்கு ஓரிடத்தில் கொடுக்க வேண்டாமா. இனிமேல் ஜாதகம் பார்க்கும் முன்னால் செவியில் என்ன பதிந்திருக்கிறது என்று கேட்பார்களாம். மாமியார் காதில் விழுந்தால் வீடு ரெண்டாகும். எல்லாவற்றுக்கும் மேல், இது வருவதற்கு வழியே இல்லை.

“எங்க வம்சத்துலயே அது கெடையாதுங்க. எனக்கே சின்னதுல வெறும் நெஞ்சுச் சளிதானுங்க. நீங்கதானே பாத்தீங்க. பத்தாவது படிக்கற வரைக்கும் பம்ப் அடிச்சேன், போயிருச்சு.”

அமிர்தவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆமாம் கண்ணு என்று தலையாட்டினால் இந்தப் பெண் தன்னை நம்பிக்கொண்டே இருப்பாள். மகளை அழைத்துக்கொண்டு போயும் விடுவாள். இல்லை என்றால் மகளுக்கு ஒருவேளை மருந்து கிடைக்கலாம், தன் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். நாக்குக் கட்டை வீடு சரிந்து விழ, இதழினி சலித்துக்கொண்டு மறுபடி அடுக்கத் தொடங்கினாள். அவள் மூச்சில் இன்னும் லேசாக விசில் கேட்டது.

“உனக்கு இருந்ததும் அதுதான் கண்ணு.”

“எதுங்க?”

“ஆஸ்துமா.”

வசுமதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, தன் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு ஏதாவது நோவு உண்டா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள், கிடையாது என்று அம்மா கோயிலில் வைத்துச் சத்தியம் செய்தாள் என்று மெதுவாகச் சொன்னாள். உன் அம்மா பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது என்றார் அமிர்தவல்லி.

“உங்களுக்குத் தெரியுமுங்களே.”

“தெரியும்.”

வேறு என்ன சொல்ல. சொல்லியிருந்தால் உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார், பம்ப்பும் இல்லாமல் நீயும் இல்லாமல் போயிருப்பாய் என்று சொல்லலாம். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

வசுமதியின் கோபம் வேறொரு பக்கம் போயிற்று. இது இருந்தும் நான் ரெண்டு ஷிப்ட் ஓவர்லாக் ஓட்டியிருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன் என்று தனக்குத்தானே கணக்குப் பார்ப்பதுபோல் சொன்னாள். ஊரில் இன்னும் யாராருக்கு என்று கேட்டாள். பேர் சொல்லக்கூடாது, ஆனால் நிறையப் பேருக்கு, இப்போது எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார் அமிர்தவல்லி. அதைக் கேட்டதும்தான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“ஆஸ்துமான்னா எங்களுக்கெல்லாம் இழுத்து இழுத்துச் செத்துப்போன பக்கத்துத் தெரு ரங்கசாமி மாமா ஒருத்தர்தானுங்க ஞாபகத்துக்கு வருவாரு. பொழச்சு நல்லா இருக்கறவங்களுக்கெல்லாம் சளின்னு சொல்லிப்போட்டீங்க. செத்தவருக்கு மட்டும் அந்தப் பேரை உட்டுட்டீங்க. பொறவு அதைக் கேட்டா எங்களுக்குப் பயம் வராம என்னங்க பண்ணும்?”

மூலையில் இருந்த ரெக்ஸலின் நிமிர்ந்து பார்த்தாள். ஊர் பயப்படுகிறது, அதனால் மறைக்கிறோம் என்றுதான் அமிர்தவல்லி இத்தனை வருடம் நினைத்திருந்தார். மறைத்ததால்தான் பயம் குறையவே இல்லை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பயப்பட வேண்டாம் என்பதற்கு அத்தாட்சியாக இந்த ஊரில் ஓடியாடித் திரிந்தவர்கள் ஒவ்வொருவர் மேலும் அவரே சளி என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்.

வசுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைக் கொண்டாங்க என்று செவியைக் காட்டினாள். அமிர்தவல்லி இதழினியின் முதுகில் அதை வைத்து, சளி என்பதை மறுத்து எழுதினார். செவி விதிப்படி கேட்டது. குழந்தையின் நோயைத் தாய் சொல்ல வேண்டும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வசுமதி குனிந்து, செவிக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுத்தாள்.

“தெளிவாகக் கேட்கவில்லை. மீண்டும் சொல்லவும்,” என்றது செவி.

கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை என்றது அந்தச் சனியன். வசுமதிக்கு இருந்த கோபமெல்லாம் அதன் மேல் திரும்பியது.

“இவளுக்கு ஆஸ்துமா. எனக்கும் ஆஸ்துமா. போதுமா?”

வராந்தாவில் பேச்சு நின்றது. செவிக்கு அதெல்லாம் தெரியாது. நன்றி, பதிவாகியது என்றது. சுவர் ஓரத்தில் இருந்த மருந்துப் பெட்டி ஆடி மாதத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பம்ப்புக்குத் திறந்தது. வெளியே இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவசரமாகப் படியிறங்கிப் போனார்கள்.

வசுமதியின் மாமியார் பொங்கல் வரைக்கும் அவளோடு பேசவில்லை. புருஷன் கோகுலன் மட்டும் மறுநாளே கிளினிக்குக்கு வந்து, பம்ப்பை எப்படி அடிப்பது என்று தனக்கும் காட்டச் சொன்னான். துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், ஒரு தடவை காட்டினால் போதும், குழாயைப் பொருத்தி அளவு பிசகாமல் செய்துவிட்டான். வசுமதி நோய்க்காரி என்று தெரிந்ததும் கம்பெனியில் ஒரு வாரம் எல்லோரும் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாட்டுக்கு எப்போதும்போல மற்றவர்களைவிட அதிகம் தைத்தாள். அப்புறம் பார்ப்பது நின்றது. பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது இதழினி படியேறியும் பேசினாள், ஓடியும் பேசினாள், வகுப்பில் பேசியதற்காக வெளியே நிற்கவும் வைக்கப்பட்டாள். அந்தச் செய்தியைக் கேட்டு அமிர்தவல்லிக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது.

மற்றவர்கள் முதலில் சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாத சமயமாகப் பார்த்து வந்தார்கள். பிறகு முன்வாசல் வழியாகவே வந்தார்கள். செவி இப்போது தானாகவே, ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது. வசுமதிக்கும் அதுதானாம், பார்த்தால் தெரிகிறதா என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது வராந்தாவிலிருந்து கேட்கும். மாசிக்குள் கொன்றைப்புதூர் மாநில வரைபடத்திலேயே செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

பங்குனி பிறந்ததும் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெள்ளை உடுப்பு, மூக்கை அடைத்த முகக்கவசம், காற்றைப் பிடித்து அடைக்கும் டப்பாக்கள். தலைமை தாங்கி வந்தவர் தில்லைநாயகம் என்ற சுகாதாரத் துறைத் துணை இயக்குநர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஒரே பருவத்தில் இத்தனை பேருக்கு ஆஸ்துமா வெடிக்காது, ஒன்று காற்றில் ஏதோ விஷம் கலந்திருக்கிறது, இல்லையென்றால் செவி கெட்டுப்போயிருக்கிறது என்றார். காற்றில் ஒன்றும் இல்லை என்று ஆனால் செவியைப் பழையபடி மாற்றிவிட்டுத்தான் போவார்களாம். சென்னையில் ரெக்ஸலின் சொல்லியிருந்த விளக்கத்தை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பழையபடி என்றால் பெட்டி மறுபடியும் பூட்டிக்கொள்ளும். அமிர்தவல்லி வாதாடிப் பார்த்தார். பழைய கேஸ்களில் எல்லாம் சளி என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், அதை எழுதியது நீங்கள்தானே என்று தில்லைநாயகம் மடக்கினார்.

மகளுக்கு பம்ப் வாங்க வந்து அங்கே உட்கார்ந்திருந்த வசுமதியின் பக்கம் தில்லைநாயகம் திரும்பினார். பாப்பாவுக்கும் உனக்கும் இந்த நோய் எப்போதம்மா வந்தது, அந்த நேரத்தில் ஊருக்குள் புதிதாக ஏதாவது ஆலை, சாயப்பட்டறை வந்ததா என்று விசாரித்தார்.

“எனக்கு வந்தது எனக்கு நெனவு தெரியாத வயசுலங்க. இவளுக்கு வந்தது பால் குடிக்கறப்பவே. பேரு வெச்சதுதானுங்க போன மார்கழியில.”

பேனாவை எடுத்த தில்லைநாயகம் எழுதவில்லை. இதழினி அவருடைய முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தன் பம்ப்பைக் குழாயில் பொருத்தி, ஓர் அழுத்து அழுத்தி நிதானமாக உறிஞ்சிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி எண்ணினாள். முடித்ததும் தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்துவிட்டு வெளியே ஓடிப்போனாள். அவர் அவள் போன திசையையே பார்த்தார். தன்னோடு வந்தவர்களை வண்டியில் போய் இருக்கச் சொன்னார். முகக்கவசத்தைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். நாற்காலியை டாக்டரின் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இந்தப் பம்ப் பழக்கமாயிடாதா டாக்டர்?”

அமிர்தவல்லி அவரை நன்றாகப் பார்த்தார். இந்தக் கேள்வியை எந்த அதிகாரியும் கேட்கமாட்டார்.

“யாருக்குங்க?”

“என் பொண்ணுக்கு. அஞ்சு வயசு. எங்க ஊர் டாக்டர் சளின்னுதான் சொன்னார். ஒரு பம்ப் குடுத்துட்டு இருந்தார். போன ஆடியிலேருந்து பெட்டி திறக்க மாட்டேங்குது.” அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “எங்க ஊரும் படத்துல கிட்டத்தட்ட வெள்ளைதான்.”

வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. குழந்தைக்கு ராத்திரி இருமல் உண்டா, ஓடினால் மூச்சு வாங்குகிறதா, சிரித்தால் இருமுகிறாளா என்று அமிர்தவல்லி ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் ஆமாம் என்றார். பம்ப் பழக்கமாகாது, மூக்குக்கண்ணாடி போடுகிற மாதிரிதான், தேவை இருக்கிற வரைக்கும் போட்டுக்கொள்ள வேண்டியது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு, குரலைக் கொஞ்சமும் இறக்காமல், வெளியில் உள்ளவர்களுக்கும் கேட்கும்படியே சொன்னார்.

“அவளைக் கூட்டிட்டு வாங்க, கேட்டுப் பாத்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா எனக்குத் தெரிஞ்சு உங்க பொண்ணுக்கு ஆஸ்துமாதானுங்க.”

தில்லைநாயகம் திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பினார். வராந்தாவில் ஒருவரும் எழுந்து போகவில்லை.